பனையின் இனப்பெருக்கம்

பனையின் இனப்பெருக்கம் என்பது பனைமரம் பூத்து, காய்த்து, விதை வழியாகத் தன் இனத்தைப் பெருக்கும் முறையைக் குறிக்கும். பனை ஒருவித்திலைத் தாவரமாகும். கார்ல் லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இதற்குப் பொராசசு பிலாபெல்லிபெர் என்னும் அறிவியற் பெயரை இட்டார். தமிழ்நாட்டின் மாநில மரமான இது, இராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடி, கடலாடிப் பகுதிகளிலும் இராமேசுவரம் தீவின் மணற்பாங்கான நிலங்களிலும் மிகுதியாகக் காணப்படுகிறது.

வாழை, மூங்கில் போன்றவற்றைப் போலப் பனை பக்கக் கன்றுகளை ஈனுவதில்லை. இதன் தண்டில் உச்சியிலுள்ள ஒரே ஒரு குருத்தே வளர்கிறது. அது வெட்டப்பட்டால் மரம் மீண்டும் துளிர்க்காமல் பட்டுப்போகும். எனவே விதை மட்டுமே பனையின் இனம் தொடர்வதற்கான வழியாகும்.

ஆண்பனையும் பெண்பனையும்

பனை ஓர் ஈரில்லத் தாவரம் ஆகும். அதாவது ஆண் பூக்களும் பெண் பூக்களும் வெவ்வேறு மரங்களில் தோன்றுகின்றன. தென்னையில் இவ்விரு பூக்களும் ஒரே பாளையில் அமைவது இங்கு ஒப்பிடத்தக்கது. பனை பூப்பதற்குப் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். அதுவரை ஆண், பெண் வேறுபாட்டை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. இளம் பனை வடலி எனப்படுகிறது.

ஆண்பனையின் பாளை விரல்கள் போன்ற கதிர்களாகக் கிளைக்கும். அக்கதிர்களில் செதில்களுக்கு இடையே சிறு பூக்கள் பதிந்திருக்கும். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தத் தாள்கள் உள்ளன. பெண் பூக்கள் அளவில் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அவற்றின் சூலகம் மூன்று அறைகளைக் கொண்டது. காற்றும் பூச்சிகளும் மகரந்தத்தைப் பெண்பனைக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே, நல்ல விதை உருவாக வேண்டுமெனில் பெண்பனைக்கு அருகே ஆண்பனையும் பூத்திருத்தல் வேண்டும்.

காயும் விதையும்

கருவுறுதலுக்குப் பின் சூலகத்தின் மூன்று அறைகளிலும் பெரும்பாலும் ஒவ்வொரு விதை வளர்கிறது. நுங்கில் மூன்று கண்கள் காணப்படுவதற்கு இதுவே காரணம். ஒன்று அல்லது இரண்டு கண்கள் மட்டும் கொண்ட காய்களும் உண்டு. நுங்கு என்பது விதையின் முதிராத கருவூண் ஆகும். முதலில் நீர்மமாக இருக்கும் இது, பின்னர் கூழ்போலாகி, முற்றும்போது கல்போல இறுகுகிறது. விதையைச் சுற்றியுள்ள ஓடும் அப்போது கடினமாகிறது.

நுங்குப் பருவம் கோடைக்காலமாகும். வெட்டாமல் விடப்பட்ட காய்கள் ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டிப் பழுத்து விழுகின்றன. மணமுள்ள நாரும் சாறும் நிறைந்த பழச்சதை விலங்குகளை ஈர்க்கிறது. ஆப்பிரிக்காவில் பனையின் உறவினமான மற்றொரு பனையின் பழங்களை யானைகள் உண்டு விதைகளைத் தொலைவில் பரப்புகின்றன. இராமநாதபுரம் கடற்கரையில் அத்தகைய பெருவிலங்குகள் இல்லை. ஆடு, மாடுகள் சதையைச் சப்பிவிட்டு விதையைப் பெரும்பாலும் அருகிலேயே விட்டுவிடுகின்றன. எனவே இங்கு விதையைத் தொலைவுக்குக் கொண்டு செல்பவர் பெரும்பாலும் மனிதரே.

முளைத்தல்

வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் விதை முளைக்கிறது. முதலில் வெளிப்படுவது வேரோ இலையோ அன்று. வித்திலையின் குழாய் போன்ற காம்பு ஆகும். இது முளையத்தைத் தன் நுனியில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. இதனால் செடியின் குருத்து, விதை கிடக்கும் இடத்திற்கு வெகு கீழே அமைகிறது. ஆட்டின் வாய், தீ, வெயில் ஆகியவற்றிலிருந்து இளங்குருத்தைக் காப்பது இவ்வமைப்பே. உலகின் மிகப்பெரிய விதையைத் தரும் செய்செல்சுத் தீவுகளின் இரட்டைத் தேங்காயும் இம்முறையிலேயே முளைக்கிறது.

வித்திலையின் மறுமுனை விதைக்குள் பஞ்சுபோல விரிந்து, கருவூணைக் கரைத்து உறிஞ்சுகிறது. தவுண் என்றும், ஈழத்தில் பூரான் என்றும் அழைக்கப்படும் உணவு இதுவே. உறிஞ்சப்பட்ட உணவு கீழிறங்கி, நாற்றின் இளம் இலைப்பகுதியில் மாவுச்சத்தாகச் சேர்கிறது. இதனைப் பனங்கிழங்கு என்பர். எனவே தாவரவியல்படி இது கிழங்கு அன்று. இளம் பனங்கன்றே ஆகும். பொங்கலை ஒட்டிய காலம் இதன் அறுவடைக் காலமாகும்.

மனிதப் பயன்பாடும் இனத்தின் தொடர்ச்சியும்

பனையிலிருந்து பெறப்படும் உணவுகள் பலவும் அதன் இனப்பெருக்கத்தின் ஏதேனும் ஒரு நிலையில் எடுக்கப்படுபவை.

பதநீர்: பாளையைச் சீவி எடுக்கப்படுவது. சீவப்பட்ட பாளை காய்ப்பதில்லை.
நுங்கு: முதிராத விதை. முளைக்காது.
பனம்பழம்: சதை உண்ணப்பட்டாலும் விதை முளைக்கும் நிலையிலேயே இருக்கும்.
தவுண்: முளைத்த விதையைப் பிளந்து எடுக்கப்படுவது.
பனங்கிழங்கு: பிடுங்கப்பட்ட கன்று.

இவற்றுள் பனம்பழம் மட்டுமே உண்ட பின்னும் அடுத்த தலைமுறைக்கு இடமளிக்கிறது. ஆகவே, ஆண்டுதோறும் சில மரங்களைச் சீவாமலும், சில குலைகளை வெட்டாமலும், சில விதைகளைக் கிழங்குக்கு எடுக்காமலும் விட்டால்தான் வடலிகள் தோன்றும்.

இதே மாவட்டத்தில் பரவியுள்ள சீமைக்கருவேலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் நெற்றுகளைத் தின்னும் ஆடு, மாடுகளின் சாணத்தின் வழியே விதைகள் எங்கும் பரவுகின்றன. வெட்டிய அடிமரமும் மீண்டும் துளிர்க்கிறது. செங்கற் சூளைக்கும் பிற தேவைகளுக்கும் வெட்டப்படும் பனைக்கு அவ்வாறான மறுவாழ்வு இல்லை. ஒரு மரத்தின் இடத்தை அதன் விதை நிரப்புவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படும்.

2021 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசின் முதலாவது வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனை விதைகளும் ஓர் இலட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்பதும் அவ்வறிக்கையில் இடம்பெற்றது. அந்த ஆண்டில் விதைக்கப்பட்டவற்றுள் எவை ஆண், எவை பெண் என்பது 2030களின் நடுப்பகுதிக்கு முன் தெரியவாய்ப்பில்லை.