நீலியின் நகை

பொய்யாக அழுபவரைக் கண்டால் 'நீலிக் கண்ணீர் வடிக்கிறார்' என்பது தமிழ்நாட்டு வழக்கு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் கதையிலிருந்து வந்த சொல் அது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனை, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு பின்தொடர்கிறாள். ஊரவையின் முன் நின்று 'இவர் என் கணவர்' என அழுகிறாள். அக்கண்ணீரை நம்பி அவனை அவளோடு தங்கச் சொன்ன வேளாளர் எழுபதின்மரும், அவன் இறந்துபட்டதும், கொடுத்த வாக்கைக் காக்கத் தீப்பாய்ந்தனர். இக்கதை பரவிய நாள்முதல் 'நீலி' என்பது வஞ்சகிக்குப் பெயராயிற்று.

அதே பழையனூர் நீலியைத் தமிழ்ச் சமணம் வேறொரு கோலத்தில் வைத்துப் போற்றியது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் தலைவி அவளே. அந்நூலில் அவள் அழுவதில்லை. ஊர் ஊராகச் சென்று வாதிடுகிறாள். கேட்போர் பல இடங்களில் சிரிக்க நேர்கிறது. பத்துச் சருக்கங்கள் கொண்ட இந்நூலின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. காலத்தைப் பத்தாம் நூற்றாண்டையொட்டிப் பலர் வைப்பர். உயிர் உண்டா, அது நிலையானதா, வினைசெய்தவனே பயனை நுகர்கிறானா, முயற்சிக்குப் பொருள் உண்டா என்பன அதன் வினாக்கள். இத்துணைப் பெரிய வினாக்களை எழுப்பும் நூலில் நகைக்கு இடம் எப்படி வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஏனெனில், ஜைன சித்தாந்தம் நகையை எளிதில் ஏற்றுக்கொள்ளும் சித்தாந்தம் அன்று. மோகனீய கர்மத்தின் பிரிவுகளில் கஷாயங்கள் பதினாறு. அவற்றுக்குத் துணையாக நிற்கும் நோகஷாயங்கள் ஒன்பது. அவ்வொன்பதில் முதலாவதாக எண்ணப்படுவது ஹாஸ்யம், அதாவது நகை. சத்திய விரதத்தை நிலைநிறுத்தும் ஐந்து பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. வெகுளி, உலோபம், அச்சம், நகை ஆகிய நான்கையும் விடுதல், ஆராய்ந்து பேசுதல் என்பன அவை. வெகுளியிலும் அச்சத்திலும் பொய் பிறக்கும் என்பதை யாவரும் அறிவர். வேடிக்கைக்காகச் சொல்லும் சொல்லிலும் பொய் பிறக்கும் என்று கண்டு, நகையை அவற்றோடு ஒரே வரிசையில் உமாஸ்வாமி வைத்தது மிக நுட்பமானது. ஆயினும் அந்நகை விரைவில் உதிர்வதில்லை. எட்டாம் குணஸ்தானமாகிய அபூர்வகரணம் வரை ஹாஸ்யத்தின் உதயம் உண்டு என்பது கர்ம நூல்களின் கணக்கு. ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் முனிவருக்கும் ஒருகால் புன்முறுவல் வரலாம் என்று இதனால் கொள்ளலாம். இல்லறத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் மரபோ நகையை மெய்ப்பாடுகள் எட்டனுள் முதலாவதாக வைத்தது. எள்ளலும் இளமையும் அறியாமையும் மடமையும் நகை பிறக்கும் நிலைக்களங்கள் என்பது தொல்காப்பியர் கருத்து. அவரைச் சமணர் எனக் கருதும் அறிஞரும் உளர். ஒரு பக்கம் விடவேண்டிய நோகஷாயம். மறு பக்கம் மெய்ப்பாடுகளின் தலைவரிசை. தமிழ் ஜைனப் புலவர் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று எழுதவேண்டியிருந்தது.

நீலகேசியின் தொடக்கமே இவ்விரு நிலைகளையும் அறிந்தவர் எழுதியது போல் இருக்கிறது. பாஞ்சால நாட்டுப் புண்டவர்த்தன நகரின் புறத்தே, பலாலையம் என்னும் சுடுகாட்டில் காளி கோயில் ஒன்று உண்டு. அங்கே முனிச்சந்திரர் என்னும் முனிவர் தவத்தில் இருக்கிறார். அரசிக்குப் பிள்ளைப்பேறு வாய்த்ததற்கு நேர்த்திக்கடனாக உயிர்ப்பலி கொடுக்கக் கூட்டம் வருகிறது. உயிர்களைக் கொல்ல வேண்டாம், மண்ணால் உருவங்கள் செய்து படைத்தாலே போதும் என்று முனிவர் அமைதியாக எடுத்துரைக்கிறார். வந்தவர்களுக்கு அது சரியென்று படுகிறது. காளிக்குத்தான் சரியென்று படவில்லை. கையில் வந்த பலி மண்ணாகிப் போயிற்று. முனிவரை விரட்டத் தன்னால் இயலாதென்று கண்ட அவள், தென்னாட்டிலிருந்து தன்னினும் வலியவளான நீலியை வரவழைக்கிறாள். தெய்வம் ஒன்று தன் காரியத்துக்கு வேறொருவரைத் துணைக்கு அழைக்கும் இக்காட்சியைப் புலவர் சிறிதும் சிரிக்காமல் சொல்லிச் செல்கிறார்.

வந்த நீலி முதலில் அச்சுறுத்துகிறாள். முனிவர் அசையவில்லை. அடுத்து அரசன் மகள் காமலேகையின் வடிவெடுத்து வருகிறாள். வந்தவள் யார் என்பதை முனிவர் தம் ஞானத்தால் அறிந்து கூறிவிடுகிறார். அந்நொடியில் நீலிக்கு வெகுளி வரவில்லை, வியப்பு வருகிறது. பொய் வேடம் கலைந்தபோது அவள் நாணிப் பணிந்து அறம் கேட்கிறாள். ஊன் உண்டு இரத்தம் குடித்தவளுக்கு உயிர் என்றால் என்ன என்று அறியும் வேட்கை பிறக்கிறது. கேட்ட அறத்துக்குக் கைம்மாறு யாதெனின், அதை உலகில் பரப்புவதே என்று கொண்டு புறப்படுகிறாள்.

அவள் முதலில் சந்திப்பது குண்டலகேசியை. இவளும் சாதாரணமானவள் அல்லள். சமண நெறியில் துறவு பூண்டு, நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைத்துப் பலரை வென்று, பின்னர்ப் புத்த சமயம் சார்ந்தவள். அவள் பெயரால் நாதகுத்தனார் இயற்றிய பௌத்த காப்பியத்துக்கு மறுப்பாகவே நீலகேசி எழுந்தது. இரு பெண்கள், அதுவும் மெய்ப்பொருளைத் தேடித் துறந்த இருவர், அவைநடுவே நின்று உயிரைப் பற்றி வழக்கிடுவதைத் தமிழ்க் காப்பியம் ஒன்று நடத்திக்காட்டியது குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

அவ்வழக்கில் நீலகேசி கையாளும் முறையில்தான் அவளுடைய நகையின் இரகசியம் இருக்கிறது. அவள் தானாக வேடிக்கை எதுவும் சொல்வதில்லை. எதிரி சொன்ன கொள்கையை அப்படியே ஏற்று, அதை ஓரடி முன்னே நடத்திச் செல்கிறாள். ஒவ்வொரு கணமும் எல்லாம் அழிந்து வேறொன்று தோன்றுகிறது என்றால், வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் மற்றொருவன் ஆவான். தவம் செய்தவர் அழிந்துபோக, வீடு பெறுபவர் யாரோ ஒருவராவார். புலாலைப் பற்றிய வாதமும் இப்படிப்பட்டதே. கொன்றவனுக்கே பாவம், விலைக்கு வாங்கி உண்டவனுக்கு இல்லை என்பார்க்கு, உண்பவன் இல்லையேல் விற்பவன் ஏது என்னும் விடை. திருக்குறளின் புலால்மறுத்தல் அதிகாரத்தைப் படித்த எந்த ஜைனக் குடும்பத்துக்கும் இவ்வாதம் புதிதன்று.

குக்குட நகரில் ஆசீவகரோடு நிகழும் வாதத்தில் இம்முறை இன்னும் கூர்மை பெறுகிறது. எல்லாம் நியதியால் நிகழும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர்கள் கொள்கை. அங்ஙனமாயின் அவர்கள் நூல் கற்பதும், மாணாக்கரைச் சேர்ப்பதும், வாதத்தில் வெல்ல விரும்புவதும் எதற்காக? கேள்வி எளிது. ஆனால் அதற்கு விடை சொல்ல வாயெடுத்தாலே அதுவும் ஒரு முயற்சியாகிவிடும். சாங்கியம், வைசேடிகம், வேதவாதம் ஆகியவற்றின் மீது நிகழும் வாதங்கள் நீளமானவை. தர்க்கப் பயிற்சி உள்ளார்க்கே முழுதும் சுவைப்பவை.

நூலின் இறுதியில் வரும் பூதவாதச் சருக்கம் யாவருக்கும் சுவைப்பது. மதனசித்து என்னும் அரசன் அவையில் பூதவாதி ஒருவன் இருக்கிறான். ஐம்பூதங்கள் கூடினால் அறிவு தோன்றும், பிரிந்தால் அழியும், உயிரென்றும் மறுமையென்றும் ஒன்றுமில்லை என்கிறான். கண்ணுக்குப் புலப்படாத எதையும் நம்பாத அவனுக்குப் புலவர் சூட்டிய பெயர் பிசாசகன்! நீலகேசி அவனோடு முறைப்படி வாதிடுகிறாள். பின்னர்த் தன் பழைய பேயுருவைக் காட்டுகிறாள். பேயே இல்லை என்றவன் அஞ்சி நடுங்குகிறான். ஐம்பூதங்களின் சேர்க்கையைக் கண்டு ஐம்பூதங்களின் சேர்க்கை எதற்காக நடுங்க வேண்டும்?

இவ்விடத்தில் அவை சிரித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நீலகேசி இங்குக் கொடுத்த சான்று எளிதில் கொடுக்கக்கூடிய சான்று அன்று. தான் எதிலிருந்து மீண்டாளோ அந்த இழிந்த உருவத்தையே பலர் அறிய மீண்டும் எடுக்கிறாள். வாதத்தில் வெல்வோர் பொதுவாகத் தம் பழைய நிலையை மறைப்பர். இவளோ அதையே ஏதுவாக்குகிறாள். எதிரியின் மடமையில் பிறக்கும் நகையோடு, தன்னையே பணயம் வைத்த ஒருத்தியின் துணிவும் அங்கே சேர்ந்து நிற்கிறது.

தமிழகத்துக்கு வெளியிலும் ஜைன ஆசிரியர் நகையை இவ்வாறே பயன்படுத்தினர். எட்டாம் நூற்றாண்டினராகிய ஹரிபத்ர சூரி சுவேதாம்பர மரபினர். சித்தூரில் பிறந்த அந்தண அறிஞராகிய அவர், கற்ற கல்வி வயிற்றைப் பிளந்துவிடக் கூடாதே என்று பொன்பட்டை கட்டித் திரிந்தார் எனப் பிற்காலச் சரித நூல்கள் கூறும். எவர் சொல்லின் பொருள் தமக்கு விளங்கவில்லையோ அவருக்கே மாணாக்கராவதாகச் சூளுரைத்திருந்தார். யாகினி என்னும் ஆர்யிகை ஓதிய பிராகிருதச் செய்யுள் ஒன்று அவருக்கு விளங்கவில்லை. செருக்கு அங்கே கழன்றது. பின்னாளில் தம்மை 'யாகினி மகத்தரையின் மகன்' என்றே எழுதிக்கொண்டார்.

அவர் பிராகிருதத்தில் இயற்றிய தூர்த்தாக்கியானம் உச்சயினியின் சோலையொன்றில் நடக்கிறது. மழைக்காலம், பசி. தூர்த்தர் ஐவர் கூடி ஓர் ஒப்பந்தம் செய்கின்றனர். ஒவ்வொருவரும் தாம் கண்டதாக ஒரு கதை சொல்லவேண்டும். அதைப் பிறர் பழங்கதைகளிலிருந்து ஒப்புமை காட்டி மெய்ப்பிக்கவேண்டும். நம்ப மறுப்பவர் அனைவருக்கும் உணவிடவேண்டும். ஒருவன், யானைக்கு அஞ்சிக் கமண்டலத்துக்குள் புகுந்ததாகவும், யானையும் உள்ளே துரத்தி வந்ததாகவும், ஆறு திங்கள் உள்ளே அலைந்து மூக்கு வழியே தான் தப்பியதாகவும், யானையோ வால்மயிர் சிக்கி நின்றுவிட்டதாகவும் கூறுகிறான். மற்றவர் அதையும் மெய்ப்பிக்கின்றனர். கடைசியாகக் கண்டபாணை என்னும் பெண் பேசுகிறாள். தன் ஆடைகள் காற்றில் பறந்துபோயின, வேலைக்காரர் நால்வர் ஓடிப்போயினர் என்கிறாள். 'அந்த நால்வரும் நீங்களே. நீங்கள் உடுத்திருப்பன என் ஆடைகளே' என்று முடிக்கிறாள். நம்பினால் அவர்கள் அவளுக்கு அடிமைகள். நம்பாவிட்டால் எல்லோருக்கும் சோறு போடவேண்டும். நால்வரும் தோல்வியை ஒப்பி, சோற்றுக்கும் அவளையே வேண்டுகின்றனர். தோற்றவர்க்கு உணவு தேடித் தருபவளும் அவளே.

நகையின் கத்தி ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் காபாலிகனும் பாசுபதனும் பௌத்த பிக்குவும் நகைப்புக்கு ஆளாகின்றனர். சமணப் பாத்திரம் மேடைக்கு வருவதில்லை. எனினும் காபாலிகன் வாயால் ஆருகதரும் எள்ளப்படுகின்றனர். சம்பந்தர் பதிகங்களிலோ நீராடாமையும், நின்று உண்பதும், தலைமயிர் பறித்தலும் திரும்பத் திரும்ப எள்ளலுக்கு உள்ளாகின்றன. எள்ளப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தமிழ் ஜைனர் நூற்றாண்டுகளாக அறிவர். அவ்வறிவோடு நீலகேசியைப் படிக்கும்போது அதிலும் சில இடங்கள் உறுத்தும். கொள்கையை விட்டுப் பிற சமயத்தாரின் பிறப்பையும் ஒழுக்கத்தையும் சுடும் செய்யுள்கள் அங்கே உண்டு. உமாஸ்வாமி எச்சரித்த ஹாஸ்யம் அவ்விடங்களில் எட்டிப்பார்க்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்நூலுக்குச் சமய திவாகரம் என்னும் உரை வகுத்த வாமன முனிவர் செய்த ஒரு செயல், நீலகேசி செய்த வாதங்களினும் பெரிது. மறுக்கப்படும் கொள்கை இன்னதென்று காட்ட, குண்டலகேசிச் செய்யுள்களின் முதற்குறிப்புகளை அவர் தம் உரையில் இடமறிந்து எடுத்துவைத்தார். எதிரியின் சொல்லை அவள் சொன்ன வரிசையிலேயே வைத்து அதன்பின் விடை கூறினார். காலம் சென்றது. தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்தது. நாதகுத்தனாரின் காப்பியமும் மறைந்தது. புறத்திரட்டு முதலிய நூல்களிலும் உரைகளிலும் எஞ்சிய சில செய்யுள்களே இன்று குண்டலகேசியாக நிற்கின்றன.

பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியை அவ்வுரையுடன் அச்சேற்றினார். ஏடுகளைப் படியெடுத்தும் பேணியும் வந்த ஜைனக் குடும்பங்களின் உழைப்பு அப்பதிப்பின் பின்னே உண்டு. அந்த ஏடுகளில் நீலியின் வெற்றியோடு, அவளிடம் தோற்ற குண்டலகேசியின் அறுந்த சொற்களும் சேர்ந்தே பிழைத்திருந்தன. குண்டலகேசி எதை எந்த முறையில் பாடியிருக்கும் என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர், இன்றும் சமய திவாகர உரையையே திறக்கின்றனர்.