குமரி மாவட்டக் கல்லூரி அணிகளும் மாறிய பல்கலைக்கழகங்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்லூரி விளையாட்டு அணிகள் 1937 முதல் 1990 வரையிலான காலத்தில் ஒரு போட்டி வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நான்கு முறை மாறியுள்ளன. அந்த மாற்றங்களில் எதையும் அணிகள் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில எல்லையும் பல்கலைக்கழகச் சட்டங்களும் மாறியபோது அவற்றுடன் ஆடுகளமும் மாறியது. இக்கட்டுரை அந்த மாற்றங்களின் வரலாற்றையும், அவை மாணவ வீரர்களுக்கு என்ன பொருள் தந்தன என்பதையும் கூறுகிறது.

அமெரிக்க முறையும் இந்திய முறையும்

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் போட்டிக் கூட்டமைப்புகளில் சேர்ந்து ஆடுகின்றன. இவை ஒப்பந்தத்தால் அமைந்தவை. எனவே ஓர் அணி விரும்பினால் விலகலாம், விலக முயன்று வழக்காடவும் செய்யலாம். பசிபிக் கடற்கரைப் பகுதியின் 'பேக்-12' கூட்டமைப்பில் இருந்த பன்னிரண்டு பல்கலைக்கழகங்களில் பத்து 2024-இல் வெளியேறின. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டுமே எஞ்சின. தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயே இதற்கு முதன்மைக் காரணம். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் மீது 2023 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2024 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. இரண்டும் 2025 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தன.

இந்தியாவில் இத்தகைய ஒப்பந்தம் இல்லை. ஒரு கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றிருக்கிறதோ, அந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகளில்தான் அதன் அணி ஆடும். அங்கே திறமை காட்டுவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, மண்டல அளவிலும் அகில இந்திய அளவிலும் நடைபெறும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளுக்குச் செல்வர். இப்போட்டிகளை 1925-இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒருங்கிணைக்கிறது. சுருங்கச் சொன்னால், மதிப்பெண் பட்டியலில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறதோ, அதன் சட்டையைத்தான் வீரர் அணிய முடியும்.

திருவிதாங்கூர்க் காலம்

நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தாலும், திருவிதாங்கூருக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமையவில்லை. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் கல்லூரி அதன் கீழ் வந்தது. இது முதல் மாற்றம். 1952-இல் நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் அதே பல்கலைக்கழகத்தில் இணைந்தது.

அக்காலத்தில் நாகர்கோவில் கல்லூரிகள் இருந்த வட்டத்தில் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரி, மார் இவானியோஸ் கல்லூரி, ஆலப்புழை சனாதன தர்மக் கல்லூரி போன்றவை இருந்தன. பல்கலைக்கழகத்தின் தலைமையிடமான திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது.

1956: எல்லையும் ஆடுகளமும்

தமிழ் பேசும் தென் வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவர். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின.

மாநில மறுசீரமைப்பைத் தொடர்ந்து இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு மாறின. ஸ்காட் கல்லூரிக்கு இது பழைய வீட்டுக்குத் திரும்பியது போன்றது. இந்துக் கல்லூரிக்கோ முற்றிலும் புதிய இடம். அக்கல்லூரியின் பெயரில் இன்றும் திருவிதாங்கூர் இருக்கிறது. அணிகளின் பாதை மட்டும் வடக்கு நோக்கித் திரும்பிவிட்டது.

மொழியடிப்படையில் மக்கள் விரும்பிப் பெற்ற இணைப்பு இது. ஆயினும் மாணவ வீரர்களுக்கு அதன் விலை தூரமாக வந்தது. பல்கலைக்கழகத் தலைமையிடம் 70 கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டராக விலகியது.

மாநில அணிகளிலும் இதே பிரிவு ஏற்பட்டது. 1951-52 பருவம் முதல் ரஞ்சிக் கோப்பையில் ஆடிவந்த திருவிதாங்கூர்-கொச்சி அணி 1957-58 பருவம் முதல் கேரள அணியானது. குமரி மாவட்டமோ சென்னை மாநிலத்தின் பக்கம் வந்திருந்தது.

மதுரையும் நெல்லையும்

1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது தென் மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 1965-இல் நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி ஓராண்டிலேயே இம்மாற்றத்தைச் சந்தித்தது. தலைமையிடத்தின் தூரம் சுமார் 250 கிலோமீட்டராகக் குறைந்தது. அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி போன்ற வலுவான மதுரைக் கல்லூரிகளுடன் ஒரே வட்டத்தில் இருக்கும் வாய்ப்பும் அமைந்தது. அப்பல்கலைக்கழகம் 1978-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது.

1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் நிறுவப்பட்டது. அப்போதைய நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கல்லூரிகள் இதற்கு மாற்றப்பட்டன. தூரம் சுமார் 80 கிலோமீட்டரானது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, தூய யோவான் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, திருச்செந்தூர் ஆதித்தனார் கல்லூரி ஆகியவை இன்று குமரி அணிகளுடன் ஒரே வட்டத்தில் உள்ளன. ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தூரம் பழைய அளவுக்கு வந்தது. ஆனால் திசை வேறு.

தூத்தூர் முதலான மேற்குக் கடற்கரை ஊர்கள் இதற்குத் தனிச் சான்று. கால்பந்து ஊறிய இவ்வூர்களின் கத்தோலிக்கப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தூத்தூர் புனித யூதா கல்லூரியின் மாணவரோ நெல்லைப் பல்கலைக்கழகத்தின் வீரர். தென்மண்டலப் போட்டியில் கேரளப் பல்கலைக்கழகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் எதிரெதிர் அணிகளாகவே களம் இறங்க முடியும்.

ஒரே ஊர், பல வட்டங்கள்

பின்னாளில் பிரிவு எல்லையால் அன்றிப் பாடத்தால் வந்தது. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்திற்கும், மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திற்கும், கல்வியியல் கல்லூரிகள் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்கும் உரியவை. 2007-இல் திருநெல்வேலியில் தனி அண்ணா பல்கலைக்கழகம் அமைந்து, 2012-இல் மீண்டும் சென்னையுடன் இணைக்கப்பட்டது. பொறியியல் அணிகளும் அதனுடன் போய்த் திரும்பின. இதனால் நாகர்கோவிலின் ஒரே தெருவில் வளர்ந்த இரு கைப்பந்து வீரர்கள், ஒருவர் கலைக் கல்லூரியிலும் மற்றவர் பொறியியல் கல்லூரியிலும் சேர்ந்தால், தங்கள் பல்கலைக்கழகப் போட்டியில் ஒருபோதும் சந்திக்க மாட்டார்கள்.

கல்லூரி தானே விலக உள்ள வழி, நிகர்நிலைப் பல்கலைக்கழகமாவது. குமாரகோவில் நூருல் இஸ்லாம் பொறியியல் கல்லூரி 2008-இல் அந்நிலை பெற்றது. அத்தகைய நிறுவனம் தன் பெயரிலேயே பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு அணி அனுப்பலாம். தன்னாட்சித் தகுதி மட்டும் பெற்ற கல்லூரிக்கு அந்த உரிமை இல்லை. அது வினாத்தாளைத் தானே தயாரிக்கலாம், ஆனால் அதன் வீரர்கள் இணைவு தந்த பல்கலைக்கழகத்துக்கே ஆடுவர்.

மாணவருக்கு இதனால் என்ன?

அமெரிக்காவில் விலகல் என்பது பெரும்பாலும் பணக் கணக்கு. இங்கே அது மாணவரின் எதிர்காலக் கணக்கு. பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான சான்று, மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு வீரர் நியமனத்தில் 'படிவம் 3' என ஏற்கப்படுகிறது. மீனவர், உழவர், ரப்பர் பால் வெட்டுவோர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தாள் ஒரு வேலைக்கான வாயில். வட்டம் பெரிதானால் அணியில் இடம் பிடிப்பது கடினம், ஆனால் வலுவான எதிரணி கிடைக்கும். வட்டம் சிறிதானால் வாய்ப்பு கூடும், பயணச் செலவு குறையும். பல்கலைக்கழகங்கள் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் இந்தத் தராசின் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

எனவே விளையாட்டில் முன்னேற விரும்பும் மாணவர் கல்லூரியின் மைதானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அக்கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது, அங்கே தம் விளையாட்டுக்கு அணி உண்டா, தேர்வுப் போட்டி எங்கே நடக்கும் என்பவற்றையும் சேர்க்கைக்கு முன்பே கேட்டறிய வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடும்போதே அவர் தம் ஆடுகளத்தையும் தேர்ந்துவிடுகிறார்.