மண்ணில் ஓடிய தேர்கள் – 14
ஒடிசியஸ் எப்படி முதலில் வந்தான்?

கறுப்பு உருவங்கள் பின்வாங்கிச் சிவப்பு உருவங்கள் தலையெடுத்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸ் குயவர்களிடையே நடந்த புரட்சி அது. அதற்குள் ஒரு சாடி வழிமறித்துவிட்டது.

மதுவில் தண்ணீர் கலக்கும் பெரிய சாடி. உயரம் 66 செ.மீ. கி.மு. 570 வாக்கில் எர்கோடிமோஸ் வனைந்தார், கிளெய்டியாஸ் தீட்டினார். 270 உருவங்கள்! பலவற்றின் அருகே பெயரும் எழுதியிருக்கிறது. வயிற்றுப்பகுதியில் பீலியஸ் – தீடிஸ் திருமணத்துக்குத் தேரேறி வரும் தேவர்கள். அவர்களை விடுங்கள், கழுத்துக்கு வாருங்கள்.

பத்ரோக்ளஸின் ஈமச்சடங்குப் பந்தயம். முக்காலிப் பரிசோடு அக்கிலீஸ் காத்திருக்க, ஐந்து தேர்கள் பாய்ந்து வருகின்றன. முன்னால் வருபவன் ஒடிசியஸ்!

இலியட்டில் இந்தத் தேர்ப்பந்தயத்தில் அவன் கலந்துகொள்வதே இல்லை. அங்கே ஜெயிப்பவன் டயோமீடிஸ். அதுவும் என்ன ஜெயம்? முந்திப்போன யூமிலஸின் நுகத்தடியை அதீனா உடைத்துப்போட்டாள். இரண்டாவதாக வந்த ஆன்டிலோகஸ், குறுகிய பாதையில் மெனிலாஸை நெருக்கித் தள்ளிவிட்டு வந்தவன். ஒடிசியஸ் ஓடியது காலால்தான். அதிலும் அதீனாவின் தயவு உண்டு: எதிராளி ஏஜாக்ஸ் மாட்டுச்சாணத்தில் வழுக்கி விழுந்தான். இவர்களைத்தான் வீரர்கள் என்கிறோம். என் ஓட்டு யூமிலஸுக்கு.

கிளெய்டியாஸுக்கு மறதி என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐவரில் இலியட் பந்தயக்காரன் டயோமீடிஸ் ஒருவன்தான். ஒரு பெயரல்ல, நான்கு பெயர் மாறியிருக்கிறது என்றால், ஓவியர் கேட்டு வளர்ந்த பாட்டு வேறு. ஹோமரின் தேருக்கு இரண்டு குதிரை, இங்கே நான்கு. நான்கு குதிரைத் தேர் ஒலிம்பிக்கில் நுழைந்தது கி.மு. 680இல் என்பது மரபுக் கணக்கு. தன் காலத்துப் பந்தயத் திடலைத்தான் மனிதர் தீட்டியிருக்கிறார்.

1844–45இல் இத்தாலியின் கியூசி அருகே அலெஸ்ஸாண்ட்ரோ பிரான்சுவா இதைத் துண்டுதுண்டாகக் கண்டெடுத்தார். ஒட்டவைத்ததை 1900இல் அருங்காட்சியகக் காவலாளி ஒருவர் கோபத்தில் முக்காலியை வீசி உடைத்தார். 638 துண்டுகள்! மறுபடி ஒட்டினார்கள்.

சிவப்பு உருவங்கள் அடுத்த வாரம் நிச்சயம். ஃபிளாரன்ஸ் போகிறவர்கள் உஃபிஸியிலேயே நாளைக் கரைத்துவிடாமல் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். சாடி அங்கேதான் இருக்கிறது.