பினைலலனின் மிகுந்தால் மூளைக்கு என்ன நேரிடும்?

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கப்படும் சில துளி ரத்தம், அதன் அறிவு வளர்ச்சியையே காக்க உதவக்கூடும். அதில் அளவிடப்படுபவற்றுள் ஒன்று பினைலலனின் என்னும் அமினோ அமிலம்.

பால், பருப்பு, முட்டை, இறைச்சி என ஏறத்தாழ எல்லாப் புரத உணவுகளிலும் இது உள்ளது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி இதனை டைரோசின் என்னும் மற்றோர் அமினோ அமிலமாக மாற்றுகிறது. அந்த நொதி பிறவியிலேயே சரிவரச் செயல்படாத மரபணுக் குறைபாடே பினைல்கீட்டோனூரியா. வழக்கமாக லிட்டர் ரத்தத்தில் 120 மைக்ரோமோலுக்குள் இருக்கும் பினைலலனின், இக்குறைபாட்டின் கடுமையான வகையில் சிகிச்சையின்றி 1,200-ஐயும் கடந்துவிடும்.

ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உள்ளது. பினைலலனின், டைரோசின், டிரிப்டோபான் ஆகிய மூன்றும் அதில் உள்ள ஒரே கடத்திப் புரதத்தின் வழியாகவே பெரும்பாலும் உள்ளே செல்கின்றன. பினைலலனின் மிகும்போது அந்த வாயிலை அதுவே அடைத்துக்கொள்கிறது. டைரோசினிலிருந்து டோபமைனும், டிரிப்டோபானிலிருந்து செரோட்டோனினும் உருவாவதால், மூளையில் இவ்விரண்டும் குறைகின்றன. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையும் பாதிக்கப்படுகிறது. விளைவு: அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு.

பிறக்கும்போது இக்குழந்தைகளிடம் எந்த வேறுபாடும் தெரிவதில்லை என்பதே சிக்கல். கருவில் தாயின் உடல் மிகையை அகற்றிவிடுகிறது. பால் அருந்தத் தொடங்கிய பிறகே அளவு ஏறுகிறது. அறிகுறி தென்படும் வேளையில் பாதிப்பு நிகழ்ந்திருக்கும்.

நார்வேயில் மனவளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளுக்காகப் பல மருத்துவர்களை நாடிய ஒரு தாயின் விடாமுயற்சியால், 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் இந்நோயைக் கண்டறிந்தார். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சையாக மாறியதே முதல் தடயம். 1950-களில் ஹோர்ஸ்ட் பிக்கெல் பினைலலனின் குறைந்த உணவால் பயன் உண்டு எனக் காட்டினார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ராபர்ட் கத்ரி, வடிதாளில் உலரவைத்த ரத்தத்தைக் கொண்டு சோதிக்கும் எளிய முறையை உருவாக்கினார்.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிறப்பு உணவால் கட்டுப்படுத்தக்கூடிய நோய்களுள் ஒன்றாக இதனைச் சேர்த்துள்ளது. எனினும், நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் இச்சோதனை செய்யப்படுவதில்லை.

சர்க்கரையற்ற குளிர்பானங்களில் பலரும் கவனிக்காத சிறிய எழுத்து எச்சரிக்கையும் இந்நோயாளிகளுக்கானதே. அவற்றில் சேர்க்கப்படும் அஸ்பார்டேம், உடலில் பினைலலனினை வெளியிடுகிறது.