98 இலிருந்து எக்ஸ்பீக்கு: நாம் மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி முடிந்ததிலிருந்து எங்களிடம் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேர், பதினொன்றுக்கு மாறத்தான் வேணுமா? பழசு நல்லாத்தானே ஓடுது?"

பதில் சொல்ல முன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இதே கேள்வியை இருபது வருடங்களுக்கு முன்பும் நாம் கேட்டோம். அப்போது பழசு வின்டோஸ் 98, புதுசு எக்ஸ்பீ. அந்த மாற்றத்தில் நாம் கோட்டைவிட்ட ஒரு விடயம் இன்றும் நம்மைத் துரத்துகிறது.

வின்டோஸ் 98 வெளிவந்தது 1998 ஜூன் 25. அதன் அடியில் இருந்தது பழைய டொஸ். 16 பிட் காலத்து நிரல்களும் ஓட வேண்டும், புதிய 32 பிட் நிரல்களும் ஓட வேண்டும் என்று இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்துக் கட்டிய வீடு அது. பழையவற்றை அரவணைத்தது அதன் பலம். ஆனால் ஒரு நிரல் தடுமாறினால் முழுக் கணினியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது அதன் பலவீனம். அந்த நீலத் திரையை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1998 ஏப்ரலில் சிக்காகோவில் நடந்த கொம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, ஒரு ஸ்கேனரைப் பொருத்தியவுடன் வின்டோஸ் 98 நீலத் திரை காட்டியது. சபை சிரித்தது. அவரும் சிரித்துச் சமாளித்தார்.

இன்னொரு வேடிக்கை. கணினியை இயக்கியதிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்பதை வின்டோஸ் 95 உம் 98 உம் 32 பிட் எண் ஒன்றில் எண்ணிக்கொண்டு வந்தன. அந்த எண் 49.7 நாட்களில் நிரம்பிவிடும். நிரம்பினால் கணினி உறைந்துபோகும். பிறகு அதற்குத் திருத்தமும் வந்தது. ஆனால் நம்மில் யாருக்கும் இந்தப் பிழை தெரியவே வரவில்லை. 49 நாட்கள் நிறுத்தாமல் ஓடிய 98 கணினியை நம் ஊரில் யார் கண்டது?

பாதுகாப்பு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும். எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் கதவு திறந்துவிடும். அந்த வித்தையை எங்களுக்குக் காட்டித் தந்ததே மாணவர்கள்தான்.

எக்ஸ்பீ கடைக்கு வந்தது 2001 ஒக்டோபர் 25. பெயரைப் பார்த்தால் 98 இன் அடுத்த பிள்ளை மாதிரித் தெரியும். உண்மையில் அது வேறு குடும்பம். டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் வீஎம்எஸ் என்ற பணிசெயல் முறைமையில் வேலை செய்த டேவ் கட்லர், 1988 இல் மைக்ரோசொஃப்ட்டில் சேர்ந்து அடித்தளத்திலிருந்தே புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதுதான் 1993 இல் வந்த வின்டோஸ் என்.டி. அது அலுவலகங்களுக்கும் சேவையகங்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2000 இல் வந்த வின்டோஸ் 2000 உம் அதே வழி. வீட்டுக்கு ஒரு வழி, அலுவலகத்துக்கு ஒரு வழி என்று பிரிந்து கிடந்ததை ஒன்றாக்கியது எக்ஸ்பீ. டொஸ் அடித்தளம் போனது. ஒரு நிரல் விழுந்தால் அதை மட்டும் மூடிவிட்டு வேலையைத் தொடரலாம் என்ற நிம்மதி வீட்டுக் கணினிக்கும் வந்தது.

சும்மா வரவில்லை. 98 இற்கு 16 மெகாபைட் நினைவகம் இருந்தால் போதும் என்றார்கள். எக்ஸ்பீக்குக் குறைந்தது 64, நன்றாக ஓட 128. பழைய பிரின்டர்களுக்கும் ஸ்கேனர்களுக்கும் 98 இற்கென எழுதிய இயக்கி மென்பொருட்கள் இதில் வேலை செய்யவில்லை. நல்ல பிரின்டர் ஒன்று ஒரே இரவில் வெறும் பெட்டியானதைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் விளங்கும். இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ உரிமத்தை உறுதிசெய்யச் சொன்னதும் புதிது. பிறருடைய உழைப்பைக் காசு கொடுக்காமல் பாவிப்பது சரியா என்ற கேள்வி நமக்குள்ளும் வந்திருக்க வேண்டும். பெரும்பாலும் வரவில்லை.

எக்ஸ்பீ குறையில்லாததும் அல்ல. 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, இணையத்தில் இணைத்திருந்த எக்ஸ்பீ கணினிகளை 60 செக்கன் எண்ணிக் காட்டி நிறுத்தியது. பழைய 98 அதில் தப்பிக்கொண்டது. "பழசுதான் நல்லது" என்றவர்களின் கை அன்று ஓங்கியது. பிறகு 2004 ஓகஸ்டில் வந்த இரண்டாவது சேவைப் பொதியில்தான் தீச்சுவர் தானாகவே இயங்கும்படி ஆக்கினார்கள்.

நம் அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் பென் டிரைவ். 98 இல் ஒவ்வொரு பென் டிரைவுக்கும் அதற்குரிய இயக்கியை இறுவட்டிலிருந்து ஏற்ற வேண்டும். எக்ஸ்பீயில் செருகினால் போதும். 1.44 மெகாபைட் பிளொப்பியில் வினாத்தாளைக் கொண்டுபோய், அங்கே திறக்காமல் வெறுங்கையோடு திரும்பிய காலம் அத்தோடு முடிந்தது.

இனி விடயத்துக்கு வருவோம்.

98 காலத்தில் நாம் தமிழ் எழுதியது பாமினியில். பாமினி ஓர் எழுத்துரு மட்டும்தான். அது கணினிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கவில்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டது. நாம் 'க' என்று அடிக்கும்போது கணினி சேமித்தது 102 என்ற எண்ணை. அது ஆங்கில 'எஃப்' இன் எண். பாமினி இருக்கும் கணினியில் அது 'க' ஆகத் தெரியும். இல்லாத கணினியில் 'எஃப்' தான். "தமிழ்" என்ற சொல்லே ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று சிதறிக் கிடக்கும்.

யுனிகோட்டில் 'க' இற்கு 2965 என்ற சொந்த எண் உண்டு. எந்தக் கணினியிலும், எந்தத் தொலைபேசியிலும் 2965 என்றால் 'க' தான். என்.டி குடும்பம் தொடக்கத்திலிருந்தே உள்ளுக்குள் யுனிகோட்டில் கட்டப்பட்டது. வின்டோஸ் 2000 உடன் லதா எழுத்துரு வந்தது, எக்ஸ்பீ வழியாக அது வீடுகளுக்கும் வந்தது. அதே ஆங்கில எக்ஸ்பீயில் வலமிருந்து இடமாக அரபும் எழுதலாம். அதுவரை இஸ்லாம் பாட வினாத்தாளில் அரபு வரும் இடத்தை வெறுமையாக விட்டு, போட்டோ கொப்பி அடிக்க முன் பேனையால் எழுதிய ஆசிரியர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! சிங்களம் மட்டும் விஸ்டா வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. நாம் உள்ளே போகவில்லை. எக்ஸ்பீயில் தமிழைச் செயற்படுத்த, பிராந்திய அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் சரி அடையாளமிட்டு, இறுவட்டையும் போட வேண்டும். அதைச் சொல்லித்தர ஆளில்லை. பாமினி விசைப்பலகையோ கைக்குப் பழகிவிட்டது. அதனால் புதிய கணினி வாங்கி, புதிய முறைமை ஏற்றி, அதற்குள்ளும் முதல் வேலையாகப் பாமினியைத்தான் ஏற்றினோம். கணினி மாறியது, நாம் மாறவில்லை. இதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. கற்பிக்க வேண்டியவர்களே பழைய வழியில்தான் தட்டச்சுச் செய்தோம்.

அதன் விலை இன்று தெரிகிறது. பாடசாலை நினைவு மலர்கள், பள்ளிவாசல் நிர்வாகக் கூட்ட அறிக்கைகள், மஹல்லாக் குடும்ப விபரங்கள், மறைந்த பெரியவர்களைப் பற்றி எழுதி வைத்தவை என்று நம் ஊர்களின் பல வருட எழுத்து பழைய இறுவட்டுகளிலும் வன்தட்டுகளிலும் பாமினியில் கிடக்கிறது. அவற்றில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. தொலைபேசியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அது வாப்பாவின் கட்டுரை என்று தெரியாமல் பிள்ளைகளே அழித்துவிடுவார்கள்.

ஆகவே, மாறத்தான் வேணுமா என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத முறைமையை வைத்துக்கொண்டு வங்கி வேலை செய்யாதீர்கள். வின்டோஸ் 11 இற்கு 4 கிகாபைட் நினைவகமும் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்கள் கணினியில் இல்லையென்றால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். லினக்ஸ் ஏற்றிப் பாவிக்கலாம்.

ஆனால் எதற்கு மாறினாலும், பழைய கணினியை அழிக்க முன் அதற்குள் இருக்கும் பாமினிக் கோப்புகளைத் தேடி எடுங்கள். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பந்தியைப் பிரதிசெய்து ஒட்டினால் யுனிகோட்டாக வரும். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவை தமிழ் எழுத்துகளாகக் குழம்பிவிடும். அவற்றை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பெயர்களை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். மூலக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள்.

உங்களிடம் பழைய மலரோ, கூட்ட அறிக்கையோ பாமினியில் இருந்தால் சொல்லுங்கள். விடுமுறை நாட்களில் எங்கள் உயர்தர மாணவர்களோடு உட்கார்ந்து மாற்றித் தருவோம், இன்ஷா அல்லாஹ். நம் முன்னோர் எழுதி வைத்தது நம் கையில் உள்ள அமானிதம். அதை வாசிக்கக்கூடிய நிலையில் அடுத்தவர் கையில் கொடுப்போம்.