பாடுவோரும் கேட்போரும்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்து, மூதூர், தோப்பூர் முதலாய ஊர்கள் அமைந்துள்ளன. வயலும் கடலும் அணித்தாய்க் கிடக்கும் இப்பகுதியில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். கீழ்க்கரையின் அம்மன் கோயில்களிலே கண்ணகி வழக்குரை பாடப்படுவதையும், முஸ்லிம் ஊர்களிலே பலர் கூடியமர்ந்து மௌலூது ஓதுவதையும், தவக்காலத்திலே கத்தோலிக்கர் பசான் பாடுவதையும் கேட்டவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். இனிய குரல் உடையவரே வாய் திறக்கலாம் என்னும் நியதி அங்கே இல்லை. ஒருவர் சுருதி தவறினால் அடுத்தவர் முகஞ்சுளிப்பதில்லை. கைதட்டலை எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. கேட்போர் என்று தனியே ஒரு கூட்டம் அங்கு இல்லாமையே அதற்குக் காரணம்.

கிறிஸ்தவ தேவாலயங்களுக்குள்ளே இந்த நிலை எளிதில் வாய்த்துவிடவில்லை. பாட்டு சபையார் அனைவருக்கும் உரியதா, அன்றிப் பயின்ற சிலர் பாட ஏனையோர் கேட்டிருத்தலே தகுமா என்னும் வழக்கு பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்து வந்துள்ளது. தமிழ்க் கிறிஸ்தவரிடையே அவ்வழக்கு சற்றுக் கடுமையாகவே நடந்தது.

கோவாவில் 1676ஆம் ஆண்டிலே பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குரவர், ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்க மதம் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில், 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே மறைந்தார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றிய அவர், கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' வட இலங்கைத் தமிழரிடையே வேரூன்றிவிட்டது. பிரசங்கம் என்று பெயர் பெற்றிருப்பினும் அது வெறுமனே வாசிக்கப்படுவதன்று. ஒப்பாரியின் சாயலில் நீட்டி இசைக்கப்படுவது. செத்த வீட்டிலே அழத் தெரிந்தவர் எவரும் அதனோடு ஒன்றிவிடுவர். அக்காலத்திற் பூசையோ இலத்தீன் மொழியில் நடந்தது, பாடகர்குழு பாடியது, மக்கள் செபமாலை உருட்டினர். மேனாட்டுக் கோயில்களில் நாடகமேடை இசை புகுந்துவிட்டதைக் கண்ட பத்தாம் பத்திநாதர், 1903ஆம் ஆண்டிலே ஓர் ஆணை விடுத்து அதனை விலக்கி, மக்கள் மீண்டும் வழிபாட்டுப் பாடலிற் பங்குகொள்ள வேண்டும் என்றார். பெண்கள் பாடகர்குழுவிற் சேர்தலையும் அதே ஆணை தடுத்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. தாய்மொழிக்கு வாயில் திறந்தது 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனத்தினாலேயாம்.

புரட்டஸ்தாந்தரின் கதை வேறு. சபையார் யாவரும் தாய்மொழியிற் பாடவேண்டும் என்பதே லூதரின் கொள்கை. 1706இல் தரங்கம்பாடியிலே வந்திறங்கிய சீகன்பால்கும் அவர்வழி வந்தோரும் அக்கொள்கையைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தனர். ஆனால் இராகத்தையும் ஜெர்மனியிலிருந்தே கொணர்ந்தனர். பப்ரிசியஸ் முதலானோர் ஆக்கிய ஞானப்பாட்டுகளில் மொழி தமிழாயிருந்தது, மெட்டு அயலதாயிருந்தது. இதனால் விளைந்த இடர்ப்பாடு சிறிதன்று. தமிழிலே குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. அயல்மெட்டு நீளும் இடத்தில் 'மனம்' 'மானம்' ஆகிவிடும். 'பலர்' 'பாலர்' ஆகிவிடுவர். பள்ளியிற் பழகிய பிள்ளைகள் அவற்றை நன்றாகவே பாடினர். வயலிலிருந்து வந்த முதியவள் என் செய்வாள்? உதடசைத்து நிற்பாள்.

இங்கிலாந்திலே ஜோன் வெஸ்லி இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தார். 1761இல் அவர் வகுத்த பாடல் விதிகள் இன்றும் படிக்கத்தக்கவை. எல்லாரும் பாடுக, பிறர் குரலுக்கு மேலாக உமது குரல் ஒலிக்குமாறு கத்தற்க, தாளத்திற்கு முந்தாமலும் பிந்தாமலும் செல்க, ஓசையின் இனிமையில் மயங்காது இறைவனையே நினைந்து பாடுக என்பன அவற்றின் கருத்து. அவர் வழிவந்த மெதடிஸ்தர் 1814இல் இலங்கைக்கு வந்தனர். பின்னர் திருகோணமலையிலும் அவர்களுடைய தேவாலயமும் பள்ளிகளும் எழுந்தன. விதிகள் கப்பலேறி வந்தன. அவற்றுக்கேற்ற தமிழிசையைத் தமிழரே ஆக்கவேண்டியிருந்தது.

அவ்வாறு ஆக்கியவருள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையிற் பிறந்த அவரைச் சிறுவனாயிருக்கும்போதே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோசியும் அதே ஐயரிடம் பயின்றவரே. தஞ்சையோ இசையும் கூத்தும் செழித்த தலைநகர். குறவஞ்சி என்பது அரசவையிலும் கோயிலிலும் தேர்ந்த கலைஞர் ஆடிப்பாடும் நாடகம். அவ்வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார் சாஸ்திரியார். அதனோடு நில்லாமல், நீரிறைக்கும் உழவனின் ஏற்றப்பாட்டையும் எடுத்துக்கொண்டார். அரங்கின் அணியும் வயலின் எளிமையும் ஒருவரிடமே கூடியிருந்தன.

அவர் பெரிதும் கையாண்ட கீர்த்தனை வடிவத்தை ஈண்டுக் கவனித்தல் வேண்டும். சரணத்தைப் பாடத் தெரிந்த ஒருவர் பாடுவார். அது முடிந்ததும் பல்லவி திரும்பி வரும். அதனைச் சபையார் அனைவரும் எடுத்துக்கொள்வர். இரண்டாம் முறை வரும்போது எழுத்தறியாதவருக்கும் பல்லவி மனனமாகிவிடும். புத்தகம் வேண்டுவதில்லை. அதே கீர்த்தனையைச் சங்கதிகளோடு விரித்துப் பாடினாலோ, பயின்றவரன்றிப் பிறர் அணுகவியலாத கச்சேரி ஆகிவிடும். இரு வாயில்களும் ஒரே வீட்டில் உள்ளன.

1820களில் புதிய தலைமுறை மிசனரிமார் தஞ்சைக்கு வந்தபோது பூசல் மூண்டது. 1829இல் சாஸ்திரியார் தம் குறைகளை எழுத்தில் வடித்தார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, பண்டிகைகளிற் பூக்களை விலக்கியது, சாதிப் பிரிவின்றி உட்காரக் கட்டாயப்படுத்தியது, தமிழ்க் கீர்த்தனைகளைத் தேவாலயத்திலிருந்து நீக்கியது ஆகிய நான்கையும் அவர் கொடுமைகள் என்றே எண்ணினார். மிசன் பணியை இழந்த அவருக்குச் சரபோசி மன்னர் ஆதரவளித்தார்.

சாஸ்திரியாரின் பெருமை பேசுவோர் இந்த நான்கில் ஒன்றை விட்டுவிட்டு மூன்றையே சொல்வதுண்டு. அது வரலாறு ஆகாது. தமிழ்ப் பாட்டைத் துரத்திய மிசனரிமார் பாட்டைப் பற்றிய மட்டில் தவறினர். ஒரே திருவிருந்துக்கு வந்தவர் சாதிவாரியாக அமர்தல் கூடாது என்ற மட்டில் அவர்கள் சொன்னதே சரி. பாட்டுக்காகப் போராடிய கவிஞரோ இருக்கையில் இடைவெளியைக் காத்தார். ஒரே பல்லவியைப் பாடிய சபை ஒரே பாயில் அமரவில்லை. 'சபையார் அனைவரும் பாடினர்' என்று எழுதும்போது அந்த 'அனைவரும்' எங்ஙனம் அமர்ந்திருந்தனர் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

சாஸ்திரியார் நெடுநாள் வாழ்ந்து 1864இல் மறைந்தார். அதற்குமுன் காலம் மாறிவிட்டது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் 1834இல் மதுரையிலே ஒரு கிளை தொடங்கியிருந்தது. அம்மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடிக் கற்று, 1853இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வழிபாட்டுக்கென அச்சிட்டார். முன்பு வெளியே தள்ளப்பட்டது இவ்வாறு உள்ளே வந்தது. இன்று ஞானப்பாட்டும் கீர்த்தனையும் தமிழ்ச் சபைகளில் அருகருகே பாடப்படுகின்றன.

உள்ளே வந்தபின் கீர்த்தனைக்கும் முதுமை வந்தது. கருநாடக இசை நகரத்துச் சபாக்களின் செல்வமாகிய காலத்திலே, அதனைச் செப்பமாகப் பாடுதலே தகுதி எனப்பட்டது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' தமிழிசை ஆராய்ச்சிக்கு ஒரு மலை. எனினும் கிராமத்துச் சேரிச் சபையில் அந்த மலை ஏறுவோர் சிலரே. நம் நாட்டு மெதடிஸ்தத் தலைவர் டி. தி. நைல்ஸ் பொறுப்பாசிரியராயிருந்து 1963இல் வெளிவந்த கிழக்காசியக் கிறிஸ்தவப் பாடல்நூல் ஆசிய மெட்டுகளுக்கு இடமளித்தது. அம்மெட்டுகளுக்கும் மேனாட்டு முறையிலே பல்குரல் இசைவு பூட்டப்பட்டது. நோக்கம் நன்று, உடை மட்டும் இரவல்.

இவ்வழக்கை மீண்டும் சேரி வாசலிலிருந்து எழுப்பியவர் மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியிற் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு. 'பறட்டை அண்ணன்' என்பது மாணவர் வழங்கிய அன்புப் பெயர். கீர்த்தனையும் மேலோர் இசையே என்று அவர் துணிந்து கூறினார். தாழ்த்தப்பட்ட மக்களின் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத்தமிழையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். பறை தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கருவி. அதனைத் தேவாலயத்தில் முழக்கியபோது கிறிஸ்தவருள்ளேயே பலர் கூசினர். சாஸ்திரியாரின் கீர்த்தனை நீக்கப்பட்டபோதும் ஏறத்தாழ இதே கூச்சம் இருந்திருக்க வேண்டும். ஆனால் இம்முறை பாட்டும் இருக்கையும் ஒன்றாகவே வழக்காடப்பட்டன. ஒரே உலையிற் பொங்கி அனைவரும் பகிர்ந்துண்ணுதலை அவர் தம் இறையியலின் நடுவில் வைத்தார்.

தேர்ந்த இசைப்புலமை உடையவராயிருந்தும், தம் பாடல் தாம் கற்பித்தபடியே பாடப்பட வேண்டும் என்று அப்பாவு வற்புறுத்தவில்லை. பாடுவோர் தம் ஊர்த் தேவைக்கேற்பச் சொல்லையும் மெட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அங்ஙனம் மாற்றுவதற்கு எளிதாயிருத்தலே நாட்டுப்புற இசையின் சிறப்பு என்பது அவர் கருத்து. 2005ஆம் ஆண்டிலே அவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற பாட்டு அவர் கட்டிய வடிவிலேயே எல்லா ஊரிலும் ஒலிக்க வேண்டும் என்பதில்லை. கிராமத்துப் பெண்கள் தத்தம் ஊர் வழக்கை அதிற் சேர்த்துப் பாடிக்கொள்ளலாம்.