முகமும் திரையும்: நோயாளர் உணரும் ஒத்துணர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வைத்தியரின் ஒத்துணர்வு அவரது தனிப்பட்ட குணவியல்பு என்றே பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளது. நல்ல மனம் வாய்த்தவர் கனிவோடு கேட்பார், வாய்க்காதவர் கேளார் என்பதற்கு அப்பால் இவ்விளக்கம் செல்வதில்லை. 2020இன் கொவிட் பெருந்தொற்று இதனை மீள்பரிசீலனைக்கு உள்ளாக்கிற்று. முகக்கவசம் அணிந்த வைத்தியரை நேரிற் காண்பதா, கவசமற்ற வைத்தியரைக் காணொளித் திரையிற் காண்பதா என்னும் நிலை பல நாடுகளின் நோயாளர்க்கு ஏற்பட்டது. ஒன்றில் உடல் அருகிலிருக்க முகம் மறைந்தது. மற்றையதில் முகம் தெரிய உடல் அகன்றது. இவற்றுள் எதில் நோயாளர் தாம் புரிந்துகொள்ளப்பட்டதாக உணர்கின்றனர் என்ற வினா புதியதாயினும், அதன் வேர்கள் பழையன.

1976இல் பிரித்தானியச் சமூகவியலாளர் நிக்கொலஸ் ஜூசன் வெளியிட்ட கட்டுரை ஈண்டு நமக்குத் துணையாவது. 1770க்கும் 1870க்கும் இடையில் ஐரோப்பிய மருத்துவச் சிந்தனையினின்றும் 'நோயுற்ற மனிதன்' மறைந்துபோனமையை அது ஆராய்கின்றது. 18ஆம் நூற்றாண்டின் வைத்தியர் செல்வந்தரின் ஆதரவிலே தங்கியிருந்தார். நோயாளர் கூறுவதைக் கேட்பது அவரது பிழைப்போடு பிணைந்திருந்தது. நோயைக் கடிதத்தில் விவரித்து ஆலோசனை பெறும் வழக்கமும் அக்காலத்தில் நிலவியது. முகமோ உடலோ எதிர்ப்படாத அவ்வுறவிலே நோயாளரின் சொல்லே முதன்மை பெற்றது. பாரிஸ் நகரின் பெரிய வைத்தியசாலைகளில் இந்நிலை தலைகீழாயிற்று. அங்கு கட்டில்களிற் கிடந்தோர் பெரும்பாலும் வறியோர். அவர்கள் வைத்தியரின் புரவலர் அல்லர். அவரது ஆய்வுக்குரிய பொருளாயினர். 1816இல் நெக்கர் வைத்தியசாலையின் லெனெக் கடதாசியைக் குழலாகச் சுருட்டி ஓர் இளம்பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார். அவ்வாறு பிறந்த ஸ்டெதஸ்கோப்பின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், வைத்தியரின் செவி நோயாளரின் சொல்லிலிருந்து அவரது நெஞ்சொலியை நோக்கித் திரும்பியது எத்தகைய சமூக உறவுக்குள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

முகக்கவசமும் இவ்வாறே நோக்கற்பாலது. 1897இல் பிரெஸ்லோ நகரில் மிக்குலிச் மெல்லிய துணியால் வாயை மூடிச் சத்திரசிகிச்சை செய்தார். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளர் பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பவர். வைத்தியரின் முகத்தை நோயாளர் பார்க்காத ஓரிடத்திலேயே கவசம் முதலில் நிலைபெற்றது. 1910–11இல் மஞ்சூரியாவில் நுரையீரற் பிளேக் நோய் பரவியபோது, பினாங்கிற் பிறந்த வூ லியென்-தே துணிக்கவசத்தை வற்புறுத்தினார். அதனை ஏற்காது நோயாளரை அணுகிய பிரெஞ்சு வைத்தியர் மெனி அந்நோய்க்கே பலியானார். ஆகவே கவசத்தை மனிதநேயத்தின் பகையாகச் சித்திரிப்போரோடு நாம் உடன்படுவதற்கில்லை. வைத்தியரும் தாதியரும் உழைப்பாளரே. அவர்தம் உயிரும் காக்கப்படல் வேண்டும்.

2003இல் சார்ஸ் நோய் கொங்கொங்கில் 299 உயிர்களைக் கவர்ந்தது. அதன் பின்னர் அங்கு சாதாரண ஆலோசனை அறையிலும் கவசம் வழக்கமாயிற்று. விழித்திருக்கும் நோயாளர் இப்போது மூடிய முகத்தோடு பேச வேண்டியவரானார். 2013இல் வெளிவந்த கொங்கொங் ஆய்வொன்று 1,030 நோயாளரைக் கவசமணிந்த, அணியாத வைத்தியரிடம் எழுந்தமானமாகப் பிரித்தனுப்பியது. கவசமணிந்தோரின் ஒத்துணர்வை நோயாளர் குறைவாக மதிப்பிட்டனர். 50 புள்ளிகளில் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 1 புள்ளியே. ஆயின் வைத்தியரை முன்னரே நன்கு அறிந்தோரிடையே அது மிகுதியாயிருந்தது. அறிமுகமற்றவரின் முகத்தை இழப்பதிலும், பழகிய முகத்தை இழப்பதே நோயாளரை அதிகம் பாதித்தது போலும்.

திரையின் வரலாறும் கொவிட்டுடன் தொடங்கியதன்று. 1959 அளவில் நெபிராஸ்காவில் இருவழித் தொலைக்காட்சி உளமருத்துவத்துக்குப் பயன்பட்டது. 1968இல் பொஸ்ரன் விமான நிலையத்துக்கும் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலைக்கும் இடையில் அத்தகைய இணைப்பு ஏற்பட்டது. திரை முகத்தை மீட்டளிக்கின்றது என்பர். ஆனால் திரையில் நோயாளரின் கண்களைப் பார்க்கும் வைத்தியர் நோயாளருக்கு வேறெங்கோ பார்ப்பவராகவே தோன்றுவார். கண்ணோடு கண் நோக்குபவராகத் தோன்ற வேண்டின், நோயாளரை விட்டுக் கமராவின் வில்லையை அவர் நோக்க வேண்டும்.

கவசமா திரையா என்ற ஒப்பீடு மறைத்துவிடுவது நேரத்தை. கொங்கொங் ஆய்வு பயன்படுத்திய 10 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஸ்கொத்லாந்தில் ஸ்ருவட் மேர்சர் முதலியோரால் 2004இல் உருவாக்கப்பட்டது. அவரும் கிரகாம் வொட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, வறிய பகுதி நோயாளர்க்குப் பிணிகள் மிகுதி. வைத்தியரோடு கழிக்கும் நேரமோ குறைவு. வேல்ஸின் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய பொதுவுடைமைவாதி ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை மிகுந்த இடத்திலேயே நல்ல மருத்துவம் அருகியுள்ளது என்றும், சந்தையின் ஆதிக்கம் கூடுமிடத்து அந்நிலை தீவிரமாகும் என்றும் 1971இலேயே எடுத்துக்காட்டினார்.

2020இல் ஐக்கிய அமெரிக்காவின் மெடிக்கெயர் காப்புறுதி, காணொளி ஆலோசனைகளோடு அமையாது, குரல்வழித் தொலைபேசி ஆலோசனைகளுக்கும் கொடுப்பனவு வழங்க நேர்ந்தது. காணொளிக்குரிய கருவியோ இணைப்போ இல்லாத முதியோர் பலர் அங்கு இருந்தனர். கடிதமெழுதிய 18ஆம் நூற்றாண்டுச் செல்வந்தரைப் போலவே இவர்களும் முகமும் உடலும் காணாது சொல்லை மட்டும் நம்பினர். அச்செல்வந்தரின் வைத்தியர் அவரது தயவில் வாழ்ந்தவர். இவர்களின் வைத்தியருக்கோ அடுத்த நோயாளர் ஏற்கெனவே இணைப்பிற் காத்திருந்தார்.